ஒரு கம்ப்ரஸரும் ஒரு மாசமும்

— நகத்தைக் கடிக்காதே நோரீன். ஜெயிச்சியா தோத்தியா, அதை மட்டும் சொல்லு.

— தெரியலண்ணே. இன்னும் படிக்கல. லைப்ரரியில தீர்ப்பை அச்சடிச்சேன், அப்படியே மடிச்சு எடுத்துட்டு உன் பட்டறைக்கு வந்துட்டேன்.

— ஏன், உன் வக்கீலம்மா எங்கே போனாங்க?

— ஜூடித் ஏதோ விசாரணையில இருக்காங்களாம். முடிஞ்சதும் கூப்பிடறேன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அதுவரைக்கும் என்னால தாங்க முடியாது. தனியா படிக்கவும் பயமா இருக்கு.

— பேப்பர்காரன் படம் எடுக்க வந்தப்போ மட்டும் பயம் இல்லையாக்கும். பல்லு பூரா தெரியற மாதிரி நின்னே.

— அந்தப் படம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் அதையே பிடிச்சுத் தொங்கறே நீ.

— நானா தொங்கறேன்? அதுதான் பெட்ரோல் பங்க்ல தொங்குது. கண்ணாடி சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கான். டீசல் போடப் போனா, "சார், நீங்க நண்டு மெஷின் நோரீனோட அண்ணன்தானே"ங்கறான். இந்தக் கிரிஸ்ஃபீல்டுல எத்தனை வருஷமா படகு எஞ்சின் பாக்கறேன்! எனக்குன்னு ஒரு பேர் இருந்துச்சு, தெரியுமா?

— இப்பவும் இருக்கே. எல்வுட் பீரங்கி.

— பாத்தியா, பாத்தியா. வாயைத் திறந்தா அதுதான் வருது.

— நீ செஞ்ச மெஷின் நண்டு ஓட்டைக் கூரை வரைக்கும் சுட்டா, ஊரு வேற என்ன பேரு வைக்கும்? பாவம், பாதிரியாரோட மூக்குக்கண்ணாடியே போச்சு.

— என்னுது சுட்டுச்சு, உன்னுது ஊதுது. அவ்வளவுதான் வித்தியாசம். வேகவெச்ச நண்டை நல்லாக் குளிர வெச்சு, காலை முறிச்ச இடத்துல இருக்கற சின்ன ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தை விட்டா, சதை உடையாம பின்பக்கமா வந்து விழுது. இதுல என்ன பெரிய மூளை வேண்டிக் கிடக்கு? யாருக்கு வேணா தோணும்.

— பேடன்ட் ஆபீஸ்ல பரிசீலனை பண்ணவனும் அதையேதான் எழுதினான். "யாருக்கும் தோணக்கூடியது." அதனால பேடன்ட் கிடையாதுன்னுட்டான். அதுக்காகத்தானே அப்பீலுக்குப் போனோம்.

— ஏதோ முட்டை மெஷின் காட்டினானே.

— ஆமா. எவனோ எப்பவோ அவிச்ச முட்டையை ஊதி உரிக்க ஒரு மெஷின் செஞ்சிருக்கான். இன்னொருத்தன் நண்டைக் குறுக்கே வெட்ட ஒரு மெஷின் செஞ்சிருக்கான். இதையும் அதையும் ஒட்டினா உங்க மெஷின் வந்துடுதேம்மான்னான்.

— நியாயமாத்தான் கேட்டிருக்கான்.

— அண்ணே! நீ யார் பக்கம்?

— நான் முட்டை பக்கம். சரி சரி, கண்ணைக் கசக்காதே. என் மூக்குக்கண்ணாடியை எடு, காகிதத்தைக் கொடு. நானே படிக்கறேன். யப்பா, எத்தனை பக்கம்! ஒரு நண்டுக்கு மூணு நீதிபதி உக்காந்து இவ்வளவு எழுதியிருக்காங்களா?

— முன்னாடி இருக்கறதெல்லாம் விடு. முட்டை எங்கே வருதுன்னு பாரு.

— இரு... இங்கே வருது. "முட்டைக்குள் இருப்பது ஒரே அறை, நண்டுக்குள் இருப்பவை பல. நண்டுத் தொழிலில் இருப்பவர் முட்டை உரிப்பவரின் வழியை ஏன் நாடுவார் என்பதற்குப் பரிசீலகர் காரணம் எதையும் காட்டவில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்ப்பதாலேயே அது எளிதாகத் தெரிகிறது."

— இன்னொரு தரம் படிண்ணே.

— காது கேக்கலையா? முட்டையைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க.

— அப்போ ஜெயிச்சுட்டேனா? அண்ணே, ஜெயிச்சுட்டேனா?

— இருக்கும்.

— இருக்குமா? அவ்வளவுதானா? மூஞ்சியில ஈ ஆடலையே உனக்கு!

— எனக்கு எப்பவும் இதே மூஞ்சிதான்.

— கூடப் பொறந்தவ ஜெயிச்சிருக்கேன். ஒரு தடவை சிரிச்சா குறைஞ்சா போயிடுவே?

— வயிறு எரியுது நோரீன். போதுமா? நீயே கேட்டே, சொல்லிட்டேன். இந்தப் பட்டறையில உருளை வெச்சுப் பாத்தேன், அதிர்ற மேசை வெச்சுப் பாத்தேன், அந்தப் பீரங்கியும் செஞ்சேன். தூக்கத்துலகூட நண்டுதான் வரும். என் பொண்டாட்டி விட்டுட்டுப் போனதே அந்த நாத்தம் தாங்காமத்தான். நீ என்னடான்னா, பாத்திரம் கழுவறப்போ தோணுச்சுன்னு பேப்பர்காரன்கிட்ட சொல்றே. பாத்திரம் கழுவறப்போ!

— நிஜமாவே அப்பதான் தோணுச்சு. நான் என்ன பண்ண?

— பொய்யாவது சொல்லியிருக்கலாம். ராத்திரி பகலா கஷ்டப்பட்டேன்னு சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

— கஷ்டப்படலைன்னு யார் சொன்னா? உரிக்கிற கொட்டகையில எத்தனை வருஷம் உக்காந்தேன்? இந்த விரலைப் பாரு. காலையில காபிக் கோப்பையைப் பிடிக்க வர்றதில்ல. ஓடு கிழிச்ச தழும்பு இல்லாத இடம் இருக்கா? நீ நண்டைப் பட்டறையில பாத்தே, நான் மடியில வெச்சுப் பாத்தேன். அதோட, பொறாமை உனக்கு மட்டும்தான் சொந்தம்னு நினைச்சுக்காதே. சின்ன வயசுல ஒரு ஸ்பானரைத் தொட விட்டிருக்கியா என்னை? "நோரீன், நீ போய் விளக்கைப் பிடி." அதுதான் எனக்கு வேலை.

— விளக்கு நல்லாத்தான் பிடிப்பே.

— உன்னை அடிக்கணும் போல இருக்கு. இரு, ஃபோன் அடிக்குது. ஜூடித்தான்! ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ ஜூடித்! முட்டை போச்சு! பாத்தீங்களா, முட்டை போச்சு!

— பாத்தேன் நோரீன். அந்த வாதத்துல நமக்கு முழு வெற்றி. ஆனா அதோட நிறுத்திட்டீங்களா? அடுத்த பக்கம் படிக்கலையா?

— அடுத்த பக்கமா? அதுல என்ன?

— "ஆயினும்"னு ஆரம்பிக்கும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?

— என் அண்ணன் இருக்கான்.

— மிஸ்டர் பார்க்ஸா? அப்போ அவர் எங்கேயும் போக வேண்டாம். இது அவரும் கேக்க வேண்டியதுதான்.

— நான் எதுக்கு வக்கீலம்மா? எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— சார், போன வருஷம் எங்களுக்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?

— மறக்கற விஷயமா அது? நான் நண்டு மெஷின் செய்யப் பாத்தேன், வரல, வரல, வரவே இல்லைன்னு என் கையாலயே எழுதி வாங்கினீங்களே.

— அது உங்களை அவமானப்படுத்த இல்லை சார். தொழில் தெரிஞ்ச ஒருத்தர் வருஷக்கணக்கா முயற்சி பண்ணியும் முடியலைன்னா, அது யாருக்கும் தோணக்கூடிய விஷயம் இல்லைன்னு அர்த்தம். நோரீனுக்கு இருந்த நல்ல சாட்சியே நீங்கதான். நீங்க எவ்வளவு கெட்டிக்காரரோ, உங்க தோல்விக்கு அவ்வளவு மதிப்பு.

— கேட்டியா நோரீன்? என் தோல்விக்கு மதிப்பு இருக்காம்.

— சும்மா இரு. ஜூடித், அந்த உறுதிமொழியில என்ன தப்பு?

— கடைசி வரி. நீங்க படிச்சிருப்பீங்களே.

— இல்லை. அவன் தோத்த கதையை நான் உக்காந்து படிக்கறது நல்லா இல்லைன்னு தோணுச்சு. பிரிச்சே பாக்கல. எந்த வரி அண்ணே?

— அது... சும்மா ஒரு வரிம்மா.

— நானே படிக்கறேன் நோரீன். "என்னிடம் ஒரு கம்ப்ரஸரும் ஒரு மாத அவகாசமும் இருந்திருந்தால், நானும் இதையே செய்திருப்பேன்." இந்த வரி வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். எடுத்தா கையெழுத்தே போட மாட்டேன்னுட்டார். கெடு முடியப் போகுது, வேற வழி தெரியாம அப்படியே தாக்கல் பண்ணேன். அது என்னோட தப்பும்தான்.

— அதுக்கு நீதிபதிங்க என்ன சொல்லியிருக்காங்க?

— "இத்தொழிலில் சாதாரணத் திறமையுள்ளவர் ஒருவர், கருவி இருந்தால் ஒரே மாதத்தில் தாமும் இதை அடைந்திருப்பேன் என்று சத்தியம் செய்து கூறுகிறார். அவர் கூற்றை நம்பாதிருக்கக் காரணம் இல்லை. ஆகவே இது எளிதில் தோன்றக்கூடியதே." பரிசீலகர் சொன்ன காரணத்தை விட்டுட்டு, அவங்களே புதுசா ஒரு காரணம் கண்டுபிடிச்சு நிராகரிச்சிருக்காங்க.

— முட்டை இல்லையா? என் அண்ணனா?

— ஆமாம்.

— இருங்க வக்கீலம்மா. சாதாரணத் திறமையா? என்னையா சாதாரணம்னு எழுதியிருக்காங்க?

— அது சட்டத்துல இருக்கற வார்த்தை சார். தொழில் தெரிஞ்ச எல்லாரையும் அப்படித்தான் சொல்றது.

— நோரீனையுமா?

— இல்லை. கண்டுபிடிச்சவங்களை அப்படிச் சொல்றதில்லை.

— அண்ணே, உனக்கு இப்ப அந்த வார்த்தைதான் முக்கியமா? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே! ஏன் எழுதினே அதை?

— பின்ன என்ன பண்ணச் சொல்றே? கவர்ன்மென்ட் காகிதத்துல, உலகம் அழியற வரைக்கும், எல்வுட் பார்க்ஸ் தோத்தான்னு மட்டும் இருக்கணுமா? ஒரு வரி, ஒரே ஒரு வரி எனக்குன்னு இருக்கட்டுமேன்னு போட்டேன். அதைப் போய் அவங்க நம்புவாங்கன்னு நான் கண்டேனா?

— பீரங்கியால பாதிரியாரைச் சுட்டே, பரவாயில்ல. இப்ப என்னைச் சுட்டுட்டே.

— நோரீன், முழுசா முடிஞ்சு போகல. புதுக் காரணம் சொல்லித் தள்ளினதால, ரெண்டு மாசத்துக்குள்ள புது சாட்சியம் கொடுக்கலாம். மிஸ்டர் பார்க்ஸ் இன்னொரு உறுதிமொழி எழுதித் தரணும். அந்த வரி உண்மை இல்லைன்னு.

— எழுதிட்டாப் போச்சு. அது வெறும் ஜம்பம்னு போட்டுக்குங்க.

— அது போதாது சார். முதல்ல ஒண்ணைச் சத்தியம் பண்ணிட்டு, தங்கச்சி தோத்ததும் அதை மாத்தினா யார் நம்புவாங்க? உங்களால முடிஞ்சிருக்காதுன்னு காட்ட ஒரு ஆதாரம் வேணும். கம்ப்ரஸர் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப யாரால நிரூபிக்க முடியும்?

— விடுங்க ஜூடித். அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

— நோரீன், யோசிச்சுப் பேசுங்க. பேடன்ட் இல்லைன்னா அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க.

— தெரியும். வந்து மெஷினைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போனவங்கதானே. இதே மாதிரி வரிசையா அடிச்சு இறக்கிடுவாங்க. என் பேர் எங்கேயும் இருக்காது. ஆனா இவன் சொன்னது நிஜமா இருந்தா? எங்க வீட்டுல கைவேலை தெரிஞ்சவன் இவன்தான். செத்த எஞ்சினை மோந்து பாத்தே ஓட வைப்பான். அன்னிக்கு இவன்கிட்ட ஒரு கம்ப்ரஸர் இருந்திருந்தா, செஞ்சுதான் இருப்பானோ என்னவோ. நான் முந்திக்கிட்டேன், அவ்வளவுதான். அதுக்கு பேடன்ட் கேக்கறது நியாயம் இல்லைன்னு நீதிபதி சொன்னா, சரின்னு போகவேண்டியதுதான்.

— நீ அப்படிப் பேசாதே.

— வேற எப்படிப் பேச? உன் மேல கோபம்கூட வரலண்ணே. காகிதத்தைக் கொடு, நான் கிளம்பறேன். ஜூடித், வெக்கறேன்.

— வெக்காதே! வக்கீலம்மா, லைன்ல இருங்க. நீ திட்டு நோரீன், வாங்கிக்கறேன். நல்லவனாக்காதே என்னை. தாங்கல.

— இப்ப என்னண்ணே?

— பின்பக்கம் மூலையில பழைய படகுப் பாய் ஒண்ணு மூடிக் கிடக்கு. போய் அதைத் தூக்கு.

— இங்கே என்ன இருக்கு... அண்ணே. இது ஏது உன்கிட்ட?

— நோரீன்? என்ன அது? எனக்குக் கேக்கல.

— கம்ப்ரஸர், ஜூடித். என்னுதைவிடப் பெரிசு. பக்கத்துல ஒரு கூடை பூரா வெடிச்ச நண்டு ஓடு.

— மிஸ்டர் பார்க்ஸ், இது எப்ப வாங்கினது?

— இவ மெஷின் வெளிய வர்றதுக்கு முன்னாடி, வீட்டுக் கொட்டகையைப் பூட்டிக்கிட்டு எதையோ ஊதற சத்தம் கேட்டுச்சு. மறுநாளே சாலிஸ்பரி டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்தேன், இவளை முந்திடணும்னு. உறுதிமொழியில கையெழுத்துப் போட்டப்போ இது இங்கேதான் இருந்துச்சு.

— அப்போ உங்களுக்குக் கம்ப்ரஸரும் இருந்துச்சு, காத்துன்னு துப்பும் இருந்துச்சு. எவ்வளவு காலம் முயற்சி பண்ணீங்க சார்?

— ஒரு மாசம் இல்லம்மா, குளிர்காலம் பூரா ஊதினேன். கால் ஓட்டைன்னு ஒண்ணு இருக்கறது என் புத்திக்கு எட்டவே இல்லை. எழுதிக்குங்க.