கூட்டாளி விலகினால்

அந்த விளையாட்டில் முதலில் மரம் வெட்ட வேண்டும், ஐயா. அவசரப்பட்டுப் படை திரட்டுகிறவன் பசியில் தோற்றுப்போவான். காட்டை வெட்டிக் குடியேறி, கோட்டை கட்டி, எல்லையைக் காக்கிற பழங்காலத்துச் சண்டை அது. கணினியில் நானும் ஜெறோமும் எப்போதும் ஒரே பக்கம். மரம் என் பொறுப்பு, பொன் அவன் பொறுப்பு.

தொழிலிலும் அப்படித்தான். அவன் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்க இறங்குவான். நான் படகில் இருந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பேன். குருநகரில் எனக்கு வேறு ஆளில்லை. வீட்டில் நானும் ஒரு சோற்றுப் பானையும்தான்.

பிரான்சுக்குப் போகிற அலுவல் சரிவந்துவிட்டதென்று படகில் வைத்துத்தான் சொன்னான். அங்கிருந்தும் விளையாடலாமே என்றேன். இரண்டு வேலை செய்ய வேண்டும், நித்திரைக்கே நேரமிராது என்றான். நான் விடாமல் கேட்கவும் சிரித்தான்.

“நான் என்ன உன்ரை மனுசியே, லெனாட்? ஒரு கலியாணத்தைக் கட்டி அவளோடை விளையாடு.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த விளையாட்டில் கூட்டாளி விலகினால் அவனுடைய ஆட்கள் கோடரியோடு நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அவர்களுக்கு வேலை சொல்ல யாருமில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

அட்டைக்கு நாங்கள் போகிற முல்லைத்தீவுக் கடலில் ஆழம் கூட. நெடுநேரம் அடியில் கிடந்தவன் ஆறுதலாக, தங்கித் தங்கித்தான் ஏற வேண்டும். விறுக்கென்று ஏறினால் கால்கள் உணர்வற்று விழுந்துவிடும். அப்படிப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைகள் நன்றாக வேலை செய்யும்.

அன்று அவன் அடியில் கிடக்கையில் கயிற்றை விடாமல் உலுப்பினேன். படகுக்கு ஆபத்து, உடனே வா என்று அர்த்தம். என்னைக் காப்பாற்றத்தான் பதறி ஏறினான். சுற்றிப் பார்த்தான். கடலில் ஒன்றுமில்லை.

“ஏன்டா இழுத்தனி?”

நான் கயிற்றைச் சுருட்டி வைத்தேன். கரை வருமுன் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

விபத்தென்று பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. விபத்தில்லை. அவனைப் போகவிடாமல் முடமாக்கியது நான்தான்.

அவன் தங்கை யசிந்தா வேலைக்குப் போன பிறகு அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் நான்தான். கட்டிலில் பலகை போட்டுக் கணினி வைத்துக் கொடுத்திருக்கிறேன். என்னோடு கதைப்பதில்லை. விளையாட்டில் இப்போது எதிர்ப்பக்கம்தான் எடுக்கிறான். என் குடிசைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கொளுத்துகிறான். வென்ற பிறகும் விடாமல், மறுபடி தொடங்கச் சொல்லிப் பலகையில் தட்டுகிறான்.

அவ்வளவு ஆசை அவனுக்கு. இதை விட்டுவிட்டுப் பிரான்சில் போய் என்ன செய்திருப்பான்?