அஞ்சு கேன் தண்ணி

இருங்க தம்பி, ரப்பரைக் கழட்டினது போதும், அடுத்த நட்டுல கை வைக்காதீங்க. ஒரு நிமிஷம். சேச்சே, உங்க வேலையில குறை சொல்லல. நாலு ஒர்க்‌ஷாப்புல கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுத் தேடியும் கிடைக்காததை நீங்க ஒரே காலையில கண்டுபிடிச்சிட்டீங்க. இப்ப எனக்கு அதுதான் பிரச்சினை. ஸ்பேனரைக் கீழ வைங்க, சொல்றேன். நான் இந்த டயர் மேல உட்கார்ந்துக்கறேன், நாற்காலியெல்லாம் வேண்டாம்.

முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன் நான். முதுகுக்குப் பின்னால எப்பவும் நாப்பது புள்ளைங்க. ஒண்ணு பாடும், ஒண்ணு அழும், ஒண்ணு வாந்தி எடுக்கும். ரிட்டையர் ஆகற அன்னைக்கே என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன், இனிமே என் வண்டியில ரெண்டே ரெண்டு சீட்டுதான், மூணாவது ஆள் ஏறணும்னாலும் இடம் இருக்கக் கூடாதுன்னு. அப்படி வாங்கினதுதான் இந்த ஸ்போர்ட்ஸ் கார். பழசுதான், எனக்கு முன்னாடி ரெண்டு கை மாறினது. ரோட்டுக்கும் நமக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. இவ முதல் தடவை ஏறினப்ப, என்னங்க இது, குளிக்கிற தொட்டிக்குள்ள இறங்கற மாதிரி இருக்குன்னா. ஆனா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

ரெண்டாவது வாரமே ஆரம்பிச்சிட்டா. கீழ ஏதோ டொக்குங்குதுன்னா. எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கு இன்ஜின் உறுமறதுதான் காது நிறைய. உனக்கு வேற வேலையே இல்லையான்னேன். அவ காது அப்படி தம்பி, மாடியில எவனாவது குழாயைச் சரியா மூடலன்னா இவளுக்குத் தூக்கம் வராது. கடைசியில ஒருநாள், வண்டி ஓடிக்கிட்டு இருக்கறப்பவே என் இடது கையைப் பிடிச்சு இழுத்து, அவ காலுக்குப் பக்கத்துல தரையில வெச்சு அழுத்திக்கிட்டா. ரொட்டிக்கடை திருப்பத்துல ஒரு வேகத்தடை இருக்கு பாருங்க, அது மேல ஏறி இறங்கினப்ப உள்ளங்கையில ஒரு இடி இடிச்சுது. டொக். இப்பவாவது நம்பறீங்களான்னா.

அப்புறம் ஏறி இறங்காத ஒர்க்‌ஷாப் இல்ல. முதல் ஆளு ஷாக் அப்சார்பர்னான். மாத்தினோம். ரெண்டாவது ஆளு லிங்க் ராடுன்னான், அதையும் மாத்தினோம். மூணாவது ஆளு எல்லா போல்ட்டையும் முறுக்கிட்டு, சத்தமெல்லாம் மனசுலதான் சார்னான். நாலாவது ஆளு என் தோள்ல கை போட்டு, மேடத்தைக் கொஞ்ச நாள் பஸ்ல போகச் சொல்லுங்களேன்னு சிரிச்சான். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அவங்க ஓட்டறப்ப வண்டி வாயைத் திறக்கல. நான் தனியா ஓட்டினாலும் சத்தமே இல்லாம வரும். இவ ஏறி உட்கார்ந்தா மட்டும் டொக்குங்கும். அதுலயும் தினமும் கிடையாது. நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பேன்.

அதுக்குத்தான் இவ நோட்டு போட்டா. இதோ, டேஷ்போர்டு பெட்டியிலயே கிடக்கும். எந்த இடம், மழையா வெயிலா, வந்துச்சா வரலையா, எல்லாம் எழுதுவா. நான் கிண்டல் பண்ணுவேன், நீ என்ன இன்ஸ்பெக்டரான்னு. அதே சமயத்துல வயித்துல ஒரு வலின்னும் சொல்லிக்கிட்டு இருந்தா. அதுவும் இந்தச் சத்தம் மாதிரிதான், வரும் போகும். டாக்டர்கிட்டப் போறப்ப இருக்காது. கேஸ்தான், சோடா குடின்னு நான் சொன்னேன். நான்தான் சொன்னேன் தம்பி. அதை யார் மேல கொண்டுபோய்ப் போடறது.

கட்டி. குடல்ல. ஆமா. ஊசி ஏத்தறாங்க, ஒன்பது மாசமா வாராவாரம் ஆஸ்பத்திரி. இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன், இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன்.

நின்னுபோன சத்தத்துக்கு எதுக்கு சார் வந்தீங்கன்னு காலையில கேட்டீங்கல்ல. உண்மைதான், ரெண்டு மாசமா சத்தம் இல்ல, இவ உட்கார்ந்தாலும் இல்ல. ஆனா நான் பஸ் ஓட்டினவன். வண்டியில ஒரு சத்தம் தானா நின்னா எனக்கு பயம் வரும். ஏதோ ஒண்ணு கழண்டு விழப்போகுதுன்னு தோணும். அதுவும் இவ உள்ள இருக்கறப்ப. இன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டுட்டு, ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டு வரேன்னு சொன்னேன். வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும், விடுங்கன்னா. இத்தனை நாள் என் உயிரை எடுத்தவ விடுங்கங்கறா. அசதியில சொல்றான்னு நினைச்சேன்.

நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க, சத்தம் வர்றப்ப பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தாங்கன்னு. நாலு பேரு கேக்காத கேள்வி. பத்து லிட்டர் கேன்ல தண்ணி பிடிச்சு அந்த சீட்டுல அடுக்கினீங்களே, பெல்ட் வேற போட்டுவிட்டீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு, வாய் பேசாதது ஒண்ணுதான் குறை. மூணு கேனுக்கு சத்தம் இல்ல. நாலு கேனுக்கு இல்ல. அஞ்சாவதை வெச்சீங்க, திருப்பத்துல டொக்குன்னுச்சு. கேன் எல்லாத்தையும் எடுத்துட்டு நீங்களே ஏறி உட்கார்ந்தீங்க, அப்பவும் இல்ல. வெயிட் குறைஞ்சா வண்டிக்கு அடியில இருக்கற தேஞ்ச ரப்பர் வரைக்கும் எட்டாது, கூடினா ஒரேடியா அமுங்கிக்கும், அம்பதுலேர்ந்து அறுபதுக்குள்ளதான் சார் இடிக்கும்னு சொன்னீங்க. என் வீட்டுக்காரி அம்பத்தெட்டு கிலோ. நாலு ஒர்க்‌ஷாப்புலயும் எல்லாரும் உங்களை மாதிரி வாட்டசாட்டமான ஆளுங்க. சரியாப் போச்சா.

சந்தோஷமாத்தான் இருந்துச்சு தம்பி, பொய் சொல்லல. ஓடிப்போய் அவகிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க ஜாக்கி போடப் போனீங்க, நான் தேதி பார்த்துச் சொல்லலாம்னு இந்த நோட்டைப் பிரிச்சேன்.

பாருங்க. வாங்க, எண்ணெய்க் கையா இருந்தா பரவாயில்ல. முதல் பக்கமெல்லாம் வெறும் இடமும் தேதியும்தான். ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து, ஊசி போட்டுத் திரும்பற அன்னைக்கு மட்டும், ஓரத்துல ஒரு நம்பர் எழுதியிருக்கா. ரொட்டிக்கடை திருப்பம், வந்துச்சு, அம்பத்தஞ்சு. வந்துச்சு, அம்பத்திமூணு. வந்துச்சு, அம்பத்தொண்ணு. இதை முன்னாடியும் பார்த்திருக்கேன், வண்டி போன வேகம்னு நினைச்சுக்கிட்டேன். ஊசி ஏத்திட்டு வந்தவளை உட்கார வெச்சுக்கிட்டு வேகத்தடையில எவனாவது அம்பதுல ஏத்துவானா? அதைக்கூட யோசிக்கல நான். அப்புறம் பாருங்க. வரல, நாப்பத்தொம்பது. வரல, நாப்பத்தேழு. வரல. வரல. போன வாரம், வரல, நாப்பத்துநாலு.

எடை பார்க்கற ரூமுக்குள்ள என்னை விடமாட்டா. வெளிய வந்ததும் கேப்பேன், எவ்வளவுன்னு. அதேதாங்கன்னுவா. ஒன்பது மாசமா அதேதாங்க. சாயங்காலமானா ஊசி நூலை எடுத்து வெச்சுக்கிட்டுத் துணியெல்லாம் பிடிச்சுப் பிடிச்சுத் தைப்பா. என்னம்மான்னா, பொழுது போகணும்லன்னுவா. கண்ணு முன்னாடி இருக்கறவ இளைக்கிறது தெரியாதாங்கறீங்களா? தெரியும் தம்பி. தெரியாம என்ன. நம்பர் தெரியாது, அவ்வளவுதான். அவ மறைக்கிறா, நான் மறைக்க விடறேன்.

தண்ணியெல்லாம் வேண்டாம், நீங்க உட்காருங்க.

திருப்பம் வந்தா இவ பேச்சை நிறுத்திடுவா. வேகத்தடை ஏறி இறங்கற வரைக்கும் அந்தத் தரையையே பார்த்துக்கிட்டு வருவா. இன்னும் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாளேன்னு எனக்கு எரிச்சலா இருக்கும். எதுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கான்னு இப்பத்தான் தெரியுது.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்த ரப்பரோட ஓட்டினா ஆபத்தா? வெறும் சத்தம்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, உள்ள அவ உட்காருவா. சரி. அப்ப பழைய ரப்பரையே மாட்டிடுங்க. புதுசு வேண்டாம், நீங்க சொல்லி வெச்சிருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. கழட்டினது எந்தப் பக்கம் இருந்துச்சோ அதே பக்கமா மாட்டுங்க, மாறிடக் கூடாது. அந்தக் கேன் வெச்ச சீட்டைத் துடைச்சிடுங்க, ஈரமா இருந்தா கேப்பா. நோட்டை இருந்த இடத்துலயே வெச்சிடறேன்.

நாலு மணிக்கு அவளைக் கூப்பிடப் போகணும். நேத்து ராத்திரி முழு டம்ளர் பால் குடிச்சா தம்பி, மிச்சம் வைக்கல. அம்பதுக்கு இன்னும் ஆறு கிலோதான்.