கைக்குட்டையில் ஒட்டாத கறுப்பு

லிசி: செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. சுருட்டுக் கடை மாதவன் சார் என்ன சொன்னாரு?

பெஞ்சமின்: தண்ணி குடு லிசி... ஸ்ரீரங்கத்துலேர்ந்து உறையூர் வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்.

லிசி: இந்தாங்க. சாம்பிள் சுருட்டுப் பெட்டி எங்க?

பெஞ்சமின்: அவரே வச்சுக்கிட்டாரு.

லிசி: ஐயோ... வச்சுக்கிட்டாரா, தூக்கி வீசிட்டாரா?

பெஞ்சமின்: ஆர்டர் போட்டுட்டாருடி! அஞ்சாயிரம் சுருட்டு!

லிசி: மாதாவே! அப்ப பட்டறையை மூட வேண்டாமா? இருங்க, உள்ள பொம்பளைங்ககிட்ட சொல்லிட்டு...

பெஞ்சமின்: இரு, இரு. எனக்கு ஒண்ணு புரியல. கைக்குட்டையை நனைச்சு, ஒரு சுருட்டை எடுத்து அழுத்தித் துடைச்சாரு.

லிசி: ம்...

பெஞ்சமின்: கறுப்பாத்தான் வேணும்னு அவர் கேட்டாருன்னு, மேல சுத்தின வெளிர் இலைக்கெல்லாம் நான்தானே சாயம் அடிச்சேன்?

லிசி: நான் வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்...

பெஞ்சமின்: கேளு! கைக்குட்டையில கறுப்பே ஒட்டல. லேசா புகையிலைப் பழுப்பு, அவ்வளவுதான்.

லிசி: நல்ல சாயமா இருக்கும்.

பெஞ்சமின்: நல்ல சாயமா? அடிச்ச அன்னிக்கு என் வேட்டி பூரா ஒட்டுச்சே! ...ஏன் சிரிக்கிற? லிசி, என்ன செஞ்ச?

லிசி: திட்டக் கூடாது.

பெஞ்சமின்: மாட்டேன், சொல்லு.

லிசி: ஞாயித்துக்கிழமை தலைவலின்னு நான் பூசைக்கு வரலல்ல? நானும் பட்டறையில சுருட்டு சுத்துற இருசம்மாளும் உங்க சாயச் சுருட்டையெல்லாம் எடுத்துட்டோம். இலை அடுக்குக்கு அடியில, புழுங்கித் தானா கறுத்தது ஒரு கட்டு இருந்துச்சு. அதுல புதுசா சுத்திப் பெட்டியில வச்சோம்.

பெஞ்சமின்: அடிப்பாவி! தலைவலிக்கு நான் தைலம் வேற வாங்கிட்டு வந்தேனே!

லிசி: சொன்னா விட்டிருப்பீங்களா? ஒரு பெட்டிக்குத்தான் இலை, மீதிக்கு எங்க போறதுன்னு குதிச்சிருப்பீங்க.

பெஞ்சமின்: இப்ப மட்டும் எங்க போறதாம்?

லிசி: சரக்கை எப்பக் குடுக்கச் சொன்னாரு?

பெஞ்சமின்: கிறிஸ்துமஸ் முடிஞ்சு குடுத்தாப் போதுமாம்.

லிசி: அப்புறம் என்ன, அதுக்கு இன்னும் மாசக்கணக்கா இருக்கே! அடுக்கி மூடி வச்சா அதுவே கறுத்துட்டுப் போகுது. அது சரி... அவர் துடைக்கிற வரைக்கும் நீங்க கமுக்கமா நின்னீங்களாக்கும்?

பெஞ்சமின்: அது வந்து...

லிசி: எது வந்து?

பெஞ்சமின்: அவர் கைக்குட்டையை எடுக்கறதுக்கு முன்னாடியே, "சார், இதெல்லாம் சாயம்"னு நானே சொல்லிட்டேன்டி. நம்பாமத்தான் துடைச்சுப் பாத்தாரு. "தன் சரக்கைத் தானே குறை சொல்ற ஆளை இப்பத்தாங்க பாக்குறேன்"னு விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே ஆர்டரை எழுதினாரு!