வயிற்று வழியே கஞ்சி

குஜிலியம்பாறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் மடியில் புதுப் புனல் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றவா என்று பக்கத்திலிருந்த வயதான அம்மாள் கேட்டார்.

“இல்லக்கா, எங்க வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊத்த. அவரு வாயால சாப்பிட்டு ஏழு மாசமாச்சு.”

“பெறகு எப்படித் தாயி உசுரோட இருக்காரு?”

“தொண்டை அடைச்சு எச்சிகூட எறங்கல. பெரியாஸ்பத்திரியில வயித்துல ஓட்டை போட்டு ரப்பர் குழாய் சொருகிட்டாக. கஞ்சியத் துணியில வடிகட்டி அதுல ஊத்துவேன்.”

“அது கழண்டு வந்துறாதா?”

“ஒரு நா வேட்டி கட்டும்போது உருவிருச்சு. வண்டி கட்டி, பஸ்ஸு பிடிச்சுப் போறதுக்குள்ள ஓட்டை சுருங்கிப் போச்சு. அதனால டாக்டரு சின்னக் குழாயாத்தான் போட்டாரு. இப்ப கஞ்சி செத்தக் கெட்டியா இருந்தாலும் அடைச்சுக்கிருது. சுத்தித் தோலெல்லாம் புண்ணு. ஆனா ஒடம்பு தேறிட்டாரு. தோட்டத்துக்குப் போறாரு, வாராரு.”

அம்மாள் அடுத்துக் கேட்டார். “அவரு முன்னாடி நீ எப்படிச் சோறு திங்குறே?”

“மொதல்ல அடுப்படியில ஒளிஞ்சுதான் தின்னேன். ஒரு நா பாத்துட்டாரு. ‘எதுக்கு ஒளியுறே? எம் முன்னாடி உக்காந்து தின்னு. என்ன வெஞ்சனம், எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு’ன்னாரு. அன்னையிலருந்து சொல்லிக்கிட்டேதான் திங்குறேன். நேத்து கத்திரிக்கா அருமையா இருக்குன்னேன். ‘பொய் சொல்லாதடி, அடிப்பிடிச்ச வாடை இங்கன வரைக்கும் வருது’ன்னு சிரிச்சாரு.”