ஒரு பக்கத்து வாடை

— மன்னிச்சுக்கிடுங்க டாக்டரம்மா, டிரேயைத் தட்டிவிட்டது நான்தான். ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனி மெஷின்ல பத்து வருசமா வெட்டுப்படாமத் தப்பிச்ச கை, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து மானத்தை வாங்குது.

— விடுங்க சமுத்திரம், வேற டிரே இருக்கு. பிள்ளையை மடியில வைங்க. வாய்நாத்தம் எத்தனை நாளா?

— நாப்பது நாளா. மூணு கலர்ல பேஸ்ட் வாங்கித் தேய்ச்சாச்சு. பல்லு டாக்டரு, பல்லு முத்து மாதிரி இருக்குன்னுட்டாரு. பொறவு குறி சொல்ற கோடாங்கிகிட்ட போனேன். செல்வி, செத்த நேரம் காதைப் பொத்திக்கோ. தாய் பிள்ளையைத் தேடி வருதுன்னாரு டாக்டரம்மா.

— இவ அம்மா இல்லையா?

— பொன்மணி போயி ரெண்டு மாசமாச்சு. மார்புல கேன்சரு. கடைசியில புண்ணு உடைஞ்சு, வீடு பூராம் ஒரு வாடை. அதே வாடைதான் இப்ப இவ வாயில. தோள்ல சாஞ்சு மூச்சு விட்டான்னா, முதுகுக்குப் பின்னாடி அவ நிக்கிற மாதிரியே இருக்கு. நான் திரும்பிப் பாக்கதில்ல. உயிரோட இருக்கும்போதே அவளுக்குப் பயந்தவன். நேராச் சொல்லுங்க, இவளையும் கூட்டிட்டுப் போயிருவாளா?

— வாயைத் திற கண்ணு. பல்லு சுத்தம், தொண்டை சுத்தம். மூக்கு ஒழுகுதா?

— வலது பக்கம் மட்டும், மஞ்சளா.

— ரெண்டு பக்கமும் ஒழுகினா சளின்னு விடலாம். ஒரு பக்கம் மட்டும்னா உள்ள ஏதோ மாட்டியிருக்கும். அது அழுகினா வாயும் நாறும். கடலை, பாசிமணி, எதையாவது பிள்ளைக திணிச்சுக்கிடும். தலையை அசையாமப் பிடிங்க.

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே.

— முதல்ல பிடிங்க. ம்... வந்துருச்சு. அழாத செல்வி, முடிஞ்சது. என்னது, துணியா?

— எங்க கம்பெனியில புண்ணுக்குக் கட்டச் செய்யிற காஸ் துணி. ஓரம் வெட்டுறப்ப விழுற துண்டு. நான்தான் சுருட்டி வச்சேன்.

— நீங்களா?

— அம்மாகிட்ட போகணும்னு அழுவா. போனா வாடை தாங்காம வாந்தி எடுப்பா. அதான் எனக்கு ரெண்டு, இவளுக்கு ரெண்டு, மூக்குல வச்சுக்கிட்டுப் போய் உக்காருவோம். பொன்மணிகூடச் சிரிச்சா. பஞ்சு வைக்க வேண்டியது எனக்குத்தான, நீங்க ஏன் முந்துதீகன்னா. அம்மா பக்கத்துல இருக்குற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு இவகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். அவ போன அன்னைக்கு அவ மூக்குல பஞ்சு வச்சேன். இவ மூக்குல இருந்ததை மறந்துட்டேன்.

— ஒண்ணு அன்னைக்கு அழுதப்ப விழுந்திருக்கும், இன்னொண்ணு உள்ள போயிருச்சு. அம்புட்டுதான். மருந்து தாரேன், நாலு நாள்ல வாடை போயிரும். ஏன் செல்வி, இத்தனை நாளா அப்பாகிட்டச் சொல்லி எடுத்திருக்கலாம்ல?

— எப்படி எடுக்க? அம்மா இன்னும் பக்கத்துலதான இருக்கு.