குகைக்குள் போன சிறுத்தை

முதலில் இந்த நாற்காலியை மாற்றச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு கால் ஆடுகிறது. ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குப் பிடி தளரும் என்று என் அப்பாவுக்கும் தெரியும். எங்கள் துணிக்கடையில் விலை பேச வருகிறவர்களுக்கென்றே அப்படி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். என்னிடம் அது வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.

வேட்டைக்காரர் என்றுதான் அந்த எழுத்தாளரை வாசகர்கள் நாங்கள் சொல்வோம். அவருடைய ஒன்பது புத்தகங்களையும் கல்லாவுக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்து வளர்ந்தவன் நான். ஈர மண்ணில் காலடித் தடத்தின் ஓரம் எப்படி இடியும், காற்று திரும்பினால் குரங்கு எப்படிக் குரலை மாற்றும் என்றெல்லாம் அவர் எழுதினால், துணி மூட்டைகளுக்கு நடுவே எனக்குக் காட்டு வாசனை அடிக்கும். இரை நெருங்கும்போது இமைக்காமல் உட்கார்ந்திருப்பதை அவரிடம்தான் கற்றேன். கடைக்கு நல்ல லாபம்.

ஒன்பதாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், குண்டடிபட்ட சிறுத்தை ஒன்று குகைக்குள் போகிறது. அவர் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பின்னாலேயே குனிகிறார். அவ்வளவுதான். பத்தாவது வரவே இல்லை. வருடக்கணக்காக அவர் குனிந்த முதுகு என் கண் முன்னால் அப்படியே நிற்கிறது. "கல்யாண நாள் மறந்துபோகுது, சிறுத்தைக்கு எந்தத் தோள்ல அடின்னு மட்டும் ஞாபகமிருக்கு" என்பாள் என் மனைவி. இடது தோள்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மகளோடு ஒரு மாடி வீட்டில் இருந்தார். அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்டேன்.

"தம்பி, நான் காட்டுக்கே போனதில்ல. மிருகக்காட்சி சாலையில டிக்கெட் கிழிச்சவன். அங்க புலி எப்பவும் தூங்கும். பாக்க வந்தவங்க முகம் தொங்கிப்போகும். அதப் பாத்துட்டுத்தான் எழுத ஆரம்பிச்சேன்."

நான் சிரித்தேன். எங்கள் கடைத்தெருவில் 'இல்லை' என்பது பதில் கிடையாது. பேரம் தொடங்கிவிட்டது என்பதன் சத்தம். உள்ளே நல்ல சரக்கு வைத்திருப்பவன்தான் சரக்கே இல்லை என்பான். அதனால் திரும்பத் திரும்பப் போனேன். கடைசியாகப் போனபோது, "அப்பா தூங்கறாருண்ணே" என்றாள் மகள். உள்ளே தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சிறுத்தை ரத்தம் வடியக் கிடக்கிறது. இவர் வெங்காயம் வதங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாசகர்கள் பாராட்டு விழா வைத்திருக்கிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றினேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "சாப்பாட்டுக்கு முன்னால மாத்திரை குடுத்துடுங்கண்ணே" என்று மகள் ஒரு டப்பாவைத் தந்தாள். காட்டுப் பாதையில் வெகுதூரம் போய் இறக்கிவிட்டேன்.

"விழா எங்க தம்பி?"

"இங்கதான் ஐயா. சிறுத்தையை முடிச்சுட்டு வாங்க."

அவர் சட்டைப் பையில் ஒரு பேனாவும் மடித்த காகிதக் கட்டும் வைத்தேன். மாத்திரை டப்பா வண்டியிலேயே இருந்தது; வழியில் துடைக்கக் கழற்றிய அவர் மூக்குக்கண்ணாடியும் இருந்தது. நட்சத்திரத்தைப் பார்த்து வழி நடந்தவருக்கு அதெல்லாம் எதற்கு?

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுப்பா. சிறுத்தையைப் பத்தி நீ சொல்றபடியே எழுதித் தரேன்."

பார்த்தீர்களா, முதல் தடவையாக இறங்கி வந்தார். விலையில் இறங்க ஆரம்பித்தவனிடம் என் அப்பா உடனே கைகொடுக்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவன் இன்னும் இறங்குவான். நானும் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கிளம்பினேன். வளைவு தாண்டி வண்டியை நிறுத்தி, கார்க் கண்ணாடியை இறக்கிக் காதுகொடுத்துக் கேட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குரல் இறங்கியது. குரல் இறங்கினால் பேரம் படியப் போகிறது என்று அர்த்தம். பிறகு சத்தமே இல்லை. தடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மகள் போன் செய்தாள். "எழுதறாரும்மா, நடுவுல தொந்தரவு பண்ணக்கூடாது" என்றேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். அதனால்தான் யாரும் தேடவில்லை.

தார்ச்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இறந்து கிடந்தார் என்கிறீர்கள். விட்டுவிட்டு வந்தது நான்தான். மகள் தேடாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவர் சட்டைப் பையில் இருந்த காகிதத்தை மட்டும் ஒரு தடவை பார்க்கக் கொடுங்கள்.

அதில் ஒன்றும் எழுதவில்லை என்கிறீர்கள். சரி. நீங்களும் 'இல்லை' என்றுதான் ஆரம்பிப்பீர்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.