பால் மட்டும்தான் காய்ச்சினோம்

இல்லண்ணே, அந்தப் பக்கம் போகாதீங்க. பால்கனிக்கு இன்னும் கம்பி போடல. நாலாவது மாடி. இங்க நின்னா ஜெராய் மலை தெரியும்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க. மலை தெரியுது லா. சொன்னபடி வந்தது அது ஒண்ணுதான்.

உக்கார நாற்காலி கூட இல்ல, மன்னிச்சுக்கங்க. லிப்ட் இல்லாம ஏறி வந்திருக்கீங்க. வீடு வாங்குனவங்க கேஸைப் பார்க்கிற ட்ரிபியூனல்ல இருந்து வீட்டைப் பார்க்க ஒரு தமிழ் ஆளு வருவாங்கன்னு நினைக்கவே இல்ல. உங்களுக்குச் சொன்னா புரியும்.

வெறும் செம்மண்ணு இருந்த இடத்துல படத்தைக் காட்டி வித்தாங்க. பிள்ளை வயித்துல இருக்கும்போது கையெழுத்து போட்டோம். இப்ப அவ ஓடுறா, வீடு இன்னும் முடியல. அவளா? மாமியாருகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்.

பால் காய்ச்சினதுதானே கேட்டீங்க. ஆனி, ஆடின்னு பொறந்துட்டா புது வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. வைகாசியிலயே பாலைக் காய்ச்சி வச்சிருவோம், அப்புறம் வீடு எப்ப முடிஞ்சாலும் குடி வரலாம்னு மாமியார் சொன்னாங்க. எல்லாரும் செய்றதுதானே? வாட்ச்மேன் மணியம் அண்ணன் பாவம் பார்த்து ஒரு காலைக்கு மட்டும் சாவி குடுத்தாரு. கேஸ் அடுப்பு, சாமி படம், தண்ணி, எல்லாம் காடியில ஏத்தி ஓட்டிட்டு வந்தோம். பால் கிழக்குப் பக்கம் பொங்குச்சு. மாமியார் அழுதுட்டாங்க. நாத்தனார் ரூபினி அதைப் போட்டோ புடிச்சு, எங்க புது வீடுன்னு பேஸ்புக்ல போட்டுட்டா.

அதைத்தான் விசாரணையில, வீடு கட்டுற டெவலப்பரோட லாயரம்மா நீட்டுனாங்க. அடுப்பு இருக்கு, சமையல் நடந்திருக்கு, அப்ப வீட்டை ஏத்துக்கிட்டுக் குடி வந்தாச்சு, இனிமே லேட்டுன்னு கேட்க முடியாதாம். நான் கான்வென்ட்ல படிச்சவ அண்ணே. படிக்காம எதுலயும் கையெழுத்து போடாதேன்னு சிஸ்டருங்க சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க. அக்ரிமெண்ட்டை ஒரு பக்கம் விடாம படிச்சேன். பால் காய்ச்சக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. ஜஸ்ட் மில்க் பாயில் பண்ணோம்னு சொன்னேன். அப்ப கிச்சனை யூஸ் பண்ணீங்கன்னு சொல்லிட்டு அந்தம்மா உக்காந்துட்டாங்க.

இங்க யாரும் தங்கலன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும். கேஸ் எங்க பக்கம் நிக்கும். வீட்டைக் கேன்சல் பண்ணிட்டா பேங்க் லோனு எங்களை விட்டுரும். இல்லன்னா என் புருஷன் ஆயுசுக்கும் இந்தச் சுவருக்குத்தான் ஓவர்டைம் செய்யணும்.

அந்த வாளித் தண்ணியா? பெயிண்ட் அடிச்சவங்க வச்சிட்டுப் போயிருப்பாங்க. துண்டும் அவங்களோடதுதான். இருங்கண்ணே, ஓரமா எடுத்து வைக்கிறேன்.

அட்ரஸ்... யான் டவுன்லதாண்ணே, வாடகை வீடு. பால் காய்ச்சின அன்னைக்கே அங்க திரும்பிட்டோம். சாவியையும் குடுத்துட்டோம். சாமி சத்தியமா அன்னைக்குத் திரும்பிட்டோம்.

இப்பவா?

யான்னே எழுதிக்கங்களேன்.

அந்த வீட்டுக்கு வேற ஆளுங்க வந்துட்டாங்கண்ணே. லோனு ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம், அவரு எத்தனை மாசம்தான் இழுப்பாரு? மாமியார், மக ரூபினி வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்க எங்க எல்லாருக்கும் இடம் இல்ல. மணியம் அண்ணன்கிட்டயே திரும்பப் போயி சாவிக்கு நின்னோம்.

அந்த ரூமா? பார்க்கணும்னா பார்த்துத்தானே ஆகணும், உங்க வேலை. திறங்க. கதவுல கட்டியிருக்கிற ஷாலை மட்டும் மெதுவா அவுருங்கண்ணே. பிள்ளை இப்பதான் தூங்குனா. முழிச்சா நேரா பால்கனிக்குத்தான் ஓடுவா.